கால் மைல் நீள்வட்டங்கள்: பிரிட்டனின் ஓவல் பந்தயத் தளங்களின் வழியே

நீள்வட்டப் பாதையில் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி ஓடும் கார்ப் பந்தயத்தை பிரிட்டனில் ஓவல் பந்தயம் என்கிறார்கள். அங்குள்ள பாதைகள் பெரும்பாலும் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் நீளமே உள்ளவை. பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து பாதை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். தென்மேற்கு மூலையில் கார்ன்வாலிலிருந்து வடகிழக்கில் அபெர்டீன்ஷயர் வரை இத்தகைய தளங்கள் பரவிக் கிடக்கின்றன. இவற்றில் மிகப் பல, வேறொரு பயனுக்காக உருவாகிப் பின் கைவிடப்பட்ட நிலங்களில் அமைந்தவை: பழைய நீர்த்தேக்கம், போர்க்கால விமான தளம், சுரங்கம் ஓய்ந்த மேட்டுநிலம், நாய்ப்பந்தய அரங்கம். பந்தயப் பருவம் வசந்தத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து இலையுதிர்காலத்தின் முடிவு வரை நீளும். குளிர்காலத்தில் அடுத்த ஆண்டின் போட்டி அட்டவணை வெளியானதும், எந்த வாரம் எந்தத் தளம், உலக இறுதிப் போட்டி தார்ப் பாதையிலா மண் பாதையிலா, கூடாரம் போட எங்கே இடம் என்பதே ரசிகர்களின் பேச்சாக இருக்கும். அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டைச் சுற்றினால், வழக்கமான சுற்றுலா வழிகாட்டிகளில் இடம்பெறாத ஒரு பிரிட்டன் தென்படும்.

புரூக்லண்ட்ஸ்: தொடக்கம்

இந்தப் பயணம் லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தின் வேபிரிட்ஜில் தொடங்குவதே முறை. 1903ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சாலைகளில் கார்களின் வேகத்தை மணிக்கு 20 மைல் என்று கட்டுப்படுத்தியிருந்தது. வேகமான கார்களைச் சோதித்துப் பார்க்க பிரிட்டிஷ் உற்பத்தியாளர்களுக்கு இடமே இல்லாதிருந்த நிலையில், ஹியூ லாக் கிங் என்ற நிலவுடைமையாளர் தம் சொந்தப் பண்ணை நிலத்தில், சொந்தச் செலவில், 2.75 மைல் நீளமுள்ள கான்கிரீட் பாதையை அமைத்தார். கார்களைச் சோதிப்பதற்கும் பந்தயம் விடுவதற்கும் என்றே உலகில் எழுந்த முதல் பெரும் தளங்களுள் ஒன்றான அது 1907இல் திறக்கப்பட்டது. வளைவுகளில் கான்கிரீட் சரிவு ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றது. முதல் பந்தயத்துக்கு முன்பே, அவ்வாண்டு ஜூன் இறுதியில், செல்வின் எட்ஜ் அங்கே 24 மணி நேரம் நேப்பியர் காரை ஓட்டி 1,581 மைல்களைக் கடந்தார். 1935இல் ஜான் காப், நேப்பியர்-ரெயில்டன் காரில் மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். 1939இல் போர் மூண்டதும் பந்தயம் நின்றுபோய், வளாகம் முழுவதும் விமானத் தொழிற்சாலைக்குப் போனது. பாதையும் பல இடங்களில் வெட்டப்பட்டது. அதனால் காப்பின் சாதனையை அதன்பின் எவராலும் முறியடிக்க முடியவில்லை.

எஞ்சிய சரிவின் ஒரு பகுதி இன்று புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. காப் ஓட்டிய அதே நேப்பியர்-ரெயில்டன் காரையும் அங்கே பார்க்கலாம். சரிவின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான், குறுகிய டயர்களும் எளிய பிரேக்குகளும் கொண்ட அக்காலக் கார்கள் அங்கே எவ்வளவு துணிச்சலோடு ஓடின என்பது விளங்கும்.

1954: நியூ கிராஸ்

புரூக்லண்ட்ஸ் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்தது. இன்றைய ஓவல் பந்தயத்தின் நேரடி வேர், லண்டனின் உழைப்பாளர் குடியிருப்புகளில் இருக்கிறது. 1926இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் இயந்திர முயலைத் துரத்தும் நாய்ப்பந்தயம் தொடங்கியது. 1928இல் லண்டனை அடுத்த ஹை பீச்சில் ஸ்பீட்வே எனும் மோட்டார் சைக்கிள் மண் பந்தயம் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. இவ்விரண்டுக்காகவும் நகரம்தோறும் நீள்வட்ட அரங்கங்கள் எழுந்தன. போருக்குப் பின் ஸ்பீட்வேக்குக் கூட்டம் குறையத் தொடங்கிய வேளையில், அமெரிக்காவில் பிறந்து பிரான்ஸ் வழியாக வந்த ஸ்டாக் கார் பந்தயம் அந்த அரங்கங்களுக்குள் நுழைந்தது. 1954 ஏப்ரல் 16, புனித வெள்ளியன்று, தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் அரங்கத்தில் பிரிட்டனின் முதல் ஸ்டாக் கார் பந்தயம் நடந்தது. போருக்கு முந்தைய கனத்த சலூன் கார்களுக்கு இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து ஓட்டுநர்கள் களமிறங்கினர். மோதுவது விதிமீறல் அல்ல, விளையாட்டின் ஒரு பகுதி என்பது அன்றே நிலைபெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் பல அரங்கங்கள் இதை நடத்தத் தொடங்கின.

லண்டனில் அந்தத் தடங்கள் எவையும் இன்று எஞ்சவில்லை. நியூ கிராஸ், ஹாரிங்கே ஆகிய அரங்கங்கள் மூடப்பட்டன. பல்லாண்டுகள் ஸ்டாக் கார், பேங்கர் பந்தயங்களின் தலைநகர் இல்லமாக விளங்கிய விம்பிள்டன் அரங்கம் 2017 மார்ச்சில் கடைசிப் பந்தயத்தைக் கண்டது. அந்த இடத்தில் ஏஎஃப்சி விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் புதிய மைதானம் 2020இல் திறக்கப்பட்டது. தலைநகரின் நிலவிலையோடு கால் மைல் பாதையால் போட்டியிட முடியவில்லை. இப்போது லண்டன் ரசிகர்கள் வெளியூர்களுக்குப் பயணிக்கிறார்கள். அவர்களில் பலர் வடகிழக்கே இப்ஸ்விச்சுக்குப் போகிறார்கள்.

ஃபாக்ஸ்ஹால்: ஹாட் ராடும் பேங்கரும்

சஃபோக் மாவட்டத்தின் இப்ஸ்விச் நகரை ஒட்டி, புதர்க்காட்டு நிலத்தின் நடுவே ஃபாக்ஸ்ஹால் அரங்கம் இருக்கிறது. உள்ளே ஸ்பீட்வேக்கான மண் பாதை. அதைச் சுற்றி வெளியே கார்களுக்கான தார்ப் பாதை. 1960களிலிருந்து இத்துறையில் இயங்கும் ஸ்பீட்வொர்த் நிறுவனம் இங்கே பந்தயங்களை நடத்துகிறது. ஆண்டின் பெருநிகழ்வு ஜூலைத் தொடக்கத்தில் வரும் வாரயிறுதி. நேஷனல் ஹாட் ராட் உலக இறுதிப் போட்டி அப்போதுதான் நடக்கும். வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஓட்டுநர்களோடு தென்னாப்பிரிக்காவிலிருந்தும் போட்டியாளர்கள் வருவதுண்டு.

ஹாட் ராடில் மோதலுக்கு இடமில்லை. வெளித்தோற்றத்தில் சிறிய குடும்பக் கார்போல் தெரியும் இவை, உள்ளே குழாய்ச் சட்டகமும் பின்சக்கர இயக்கமும் கொண்ட முழுமையான பந்தயக் கார்கள். உள்வட்டத்தை விட்டுக்கொடுக்காமல் ஓட்டுவதும், வெளிவட்டத்தில் பொறுமையாக முன்னேறி முந்துவதும், கடைசிச் சுற்றுகளுக்கு டயரைக் காப்பாற்றி வைப்பதும் இதன் கலை. 1970களில் இந்த உலகப் பட்டத்தை நான்கு முறை வென்ற பாரி லீ, ஓவல் வட்டத்துக்கு வெளியேயும் அறியப்பட்ட முதல் நட்சத்திரங்களுள் ஒருவர்.

அதே அரங்கத்தில் வேறொரு நாள் பேங்கர் பந்தயம் நடக்கும். சாலையில் ஆயுள் முடிந்த பழைய கார்களின் கண்ணாடி, இருக்கைகள், அலங்காரங்கள் அனைத்தையும் கழற்றி எறிந்துவிடுவார்கள். எரிபொருள் தொட்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றி, கூண்டுக் கம்பிகளைப் பொருத்தி, ஓட்டுநர் பக்கக் கதவுக்கு இரும்புத் தகடு அடிப்பார்கள். ஓட்டுநர் கதவை வேண்டுமென்றே இடிப்பது தடைசெய்யப்பட்டது. மற்றபடி எதிராளியின் காரை நொறுக்குவதே ரசிகர்கள் எதிர்பார்ப்பது. பழைய ஃபோர்டு கிரனடா, ஜாகுவார், சவ ஊர்தி என எல்லாம் களத்துக்கு வரும். கேரவன்களை இழுத்துக்கொண்டு ஓடும் பந்தயம், எட்டு வடிவப் பாதையில் குறுக்கே பாயும் பந்தயம், ஒரு கார் மட்டும் நகரும் நிலை வரும்வரை தொடரும் டெமாலிஷன் டெர்பி ஆகியவையும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறும். வாரம் முழுவதும் கொட்டகையில் உழைத்துத் தயாரித்த வண்டி அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்பதை அறிந்தே ஓட்டுநர்கள் அதற்கு அத்தனை அழகாக வண்ணம் தீட்டுகிறார்கள். இறந்துபோன நண்பரின் பெயரை அதில் எழுதுவதும் வழக்கம்.

கிங்ஸ் லின்: மண்ணும் கூரையின் நிறமும்

நார்ஃபோக்கின் கிங்ஸ் லின், மண் பாதைப் பந்தயத்தின் கோட்டை. ஷேல் எனப்படும் நொறுங்கிய பாறைத் துகள் பரப்பிய பாதை அது. பந்தயத்துக்கு முன் தண்ணீர் தெளித்து, வண்டிகளை மெதுவாகச் சுற்றவிட்டு மண்ணை இறுக்குவார்கள். ஈரம் கூடினால் பாதை வழுக்கும். குறைந்தால் தூசி எழும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை மண்ணின் தன்மை மாறிக்கொண்டே இருப்பதால், அதை வாசிக்கத் தெரிந்த ஓட்டுநருக்கே வெற்றி. வண்டியின் பின்பகுதியைச் சறுக்கவிட்டு, முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பியபடி வளைவைக் கடக்கும் ஓட்டுமுறை இங்கே முழு அழகோடு வெளிப்படும்.

இங்கே முதன்மையான பிரிவு பிரிஸ்கா எஃப்1 ஸ்டாக் கார். ஒற்றை இருக்கை, பெரிய வி8 என்ஜின், 600 குதிரைத்திறனைத் தாண்டும் ஆற்றல், முன்னும் பின்னும் கனத்த இரும்பு பம்பர், கூரைமேல் ஓட்டுநரின் எண் எழுதிய பெரிய இறக்கை. இவை பெரும்பாலும் ஓட்டுநரின் சொந்தப் பட்டறையிலோ சிறு கட்டுநர்களிடமோ உருவாகின்றன. எஃப்2 இதன் தம்பி. 2 லிட்டர் ஃபோர்டு என்ஜினோடு ஓடும் சிறிய வண்டி அது. முன்னே செல்பவரின் பின்புறத்தைப் பம்பரால் இடித்து, அவரை வெளிவட்டத்துக்குத் தள்ளி, உள்பக்கமாக முந்தலாம். வளைவில் இடிபட்டவர் இரும்புக் கம்பிவடம் கட்டிய வேலியில் போய் மோதுவார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், முதலிடத்தில் இருப்பவரைப் பின்னால் வருபவர் இடித்து வெற்றியைப் பறிப்பதை ‘லாஸ்ட் பெண்டர்’ என்பார்கள். அது வருகிறதா என்று பார்க்கவே அரங்கம் முழுவதும் எழுந்து நிற்கும்.

இந்தப் பந்தயத்தை நியாயமானதாக்குவது கூரையின் நிறம். அண்மைக்காலப் புள்ளிகளின் அடிப்படையில் ஓட்டுநர்கள் வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு எனத் தரம் பிரிக்கப்படுகிறார்கள். உச்சியில் உள்ள நட்சத்திர ஓட்டுநர்களின் சிவப்புக் கூரையில் மின்னும் விளக்குகள் இருக்கும். வெள்ளைக் கூரைகள் முன்வரிசையில் புறப்படும்; சிறந்தவர்கள் கடைசியில். ஆகவே வெற்றி பெற விரும்பும் சிறந்த ஓட்டுநர் முழுக் கூட்டத்தையும் ஊடுருவி வரவேண்டும். புதியவருக்கோ ஒவ்வொரு பந்தயத்திலும் சில சுற்றுகளாவது முன்னிலையில் ஓடும் வாய்ப்பு உண்டு. முதன்முறை வரும் பார்வையாளரும் நிறங்களைக் கொண்டே யார் எங்கிருந்து முன்னேறுகிறார் என்பதைப் பின்தொடர முடியும். உலகச் சாம்பியனுக்குத் தங்க நிறக் கூரை. அடுத்த உலக இறுதிப் போட்டி வரை அது அவருடையது. தேசியப் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றவருக்கு வெள்ளிக் கூரை.

எஃப்1 உலக இறுதிப் போட்டி வழக்கமாகச் செப்டம்பரில், ஆண்டுக்கொரு தளத்தில் நடக்கும். தகுதிச் சுற்றுகளும் அரையிறுதிகளும் கோடை முழுவதும் நீளும். நெதர்லாந்து, நியூசிலாந்து ஓட்டுநர்களும் வருகிறார்கள். எட்டு முறை இந்தப் பட்டத்தை வென்ற ஜான் லண்ட் இத்துறையின் பெருமதிப்புக்குரிய பெயர். ஸ்மித், வெயின்மன் போன்ற குடும்பங்களில் தந்தையைத் தொடர்ந்து மகனும் களம் கண்டிருக்கிறார். ஸ்டூவர்ட் ஸ்மித் 391 என்ற எண்ணோடு பல உலகப் பட்டங்களை வென்றார். அதே எண்ணோடு அவர் மகன் ஆண்டி ஸ்மித்தும் உலகச் சாம்பியன் ஆனார். குறிப்பிட்ட எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வரலாறு இருப்பதால், ரசிகர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த எண்ணோடு சேர்ந்தே வளர்கிறார்கள்.

மத்திய இங்கிலாந்து: பெரியது மறைந்தது, சிறியது நின்றது

கிங்ஸ் லின்னிலிருந்து வாஷ் விரிகுடாவைச் சுற்றி வடக்கே சென்றால் ஸ்கெக்னெஸ். கடற்கரைக்கு விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் மாலைப்பொழுதில் பந்தயத்துக்கும் வருவதால், இங்குள்ள தார்ப் பாதை கோடையில் ஓய்வதே இல்லை. அங்கிருந்து மேற்கே திரும்பி மத்திய இங்கிலாந்துக்குள் நுழைந்தால், கோர்பி நகரின் அருகே ராக்கிங்ஹாம் தளம் வரும். புரூக்லண்ட்ஸுக்குப் பின் பிரிட்டனில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் சரிவுடைய பேரோவல் அது. உருக்காலை இருந்த நிலத்தில், 1.48 மைல் நீளத்தில், பல்லாயிரம் இருக்கைகளோடு 2001இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் கார்ட் கார்ப் பந்தயத் தொடர் இங்கே வந்தது. தார்ப்பரப்பின் அடியிலிருந்து நீர் கசிந்து பயிற்சி ஓட்டங்கள் தடைப்பட்டன. சுருக்கி நடத்தப்பட்ட பந்தயத்தின் கடைசிச் சுற்றில் கில் டி ஃபெரான், கென்னி பிராக்கை முந்தி வென்றார். 2002இல் ஸ்காட்லாந்தின் டாரியோ ஃபிரான்கிட்டி வென்றார். அதன்பின் அந்தத் தொடர் திரும்பி வரவில்லை. 2018இல் ராக்கிங்ஹாமில் பந்தயமே முடிந்து, வாகனங்களை நிறுத்திவைக்கும் வளாகமாக அது மாறியது.

இதே வட்டாரத்தில், நார்தாம்ப்டனை அடுத்த பிராஃபீல்டு கிராமத்தின் கால் மைல் பாதை இன்றும் எஃப்1 ஸ்டாக் கார்களால் அதிர்கிறது. பெரிய அரங்கை நிரப்பக் கண்டம் தாண்டி நட்சத்திரங்கள் வரவேண்டியிருந்தது. சிறிய பாதைக்கோ சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகளும் விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் அவர்களின் குடும்பங்களும் போதும். ஓவல் பந்தயம் பிரிட்டனில் நிலைத்ததன் காரணம் இந்த அளவில்தான் இருக்கிறது.

ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஹெட்னஸ்ஃபோர்டு ஹில்ஸ் தளம் முன்பு நீர்த்தேக்கமாக இருந்த பள்ளம். நீர் வற்றிய அதன் அடித்தளத்தில் பாதை ஓடுகிறது. சுற்றிலும் உள்ள கரைமேட்டில் நின்று ரசிகர்கள் கீழே பார்க்கிறார்கள். வெளியே இறங்கி நடந்தால் ஹீதர்ப் பூக்கள் நிறைந்த இயற்கைக் காப்பகம். மறைந்த தளங்களும் இதே வட்டாரத்தில் உண்டு. கவென்ட்ரியின் பிராண்டன் அரங்கத்தில் 2016க்குப் பின் பந்தயமில்லை. பர்மிங்ஹாம் வீல்ஸ் 2021இல் மூடப்பட்டது.

பர்மிங்ஹாமுக்குக் குளிர்காலத்தில் வேறொரு சிறப்பு இருந்துவந்தது. 1991இல் தொடங்கிய ஆட்டோஸ்போர்ட் இன்டர்நேஷனல் கண்காட்சி பல்லாண்டுகள் ஜனவரியில் அங்குள்ள தேசியப் பொருட்காட்சி மையத்தில் நடந்தது. புதிய கார்களையும் உதிரிபாகங்களையும் பார்வைக்கு வைத்ததோடு, உள்ளரங்கில் அமைத்த சிறு பாதையில் கார்கள் ஓடும் நேரடிக் காட்சியும் இருந்தது. பந்தயமில்லாத மாதங்களில் ஓட்டுநர்களும் கட்டுநர்களும் ரசிகர்களும் கூடிப் பேசும் களமாக அது விளங்கியது. வாரிக்ஷயரின் ஸ்டோன்லி பார்க்கில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் ரேஸ் ரெட்ரோ, பழைய பந்தயக் கார்களுக்கானது. தெற்கே சசெக்ஸில், 1993இல் தொடங்கிய குட்வுட் வேகத் திருவிழாவும் 1998இல் தொடங்கிய குட்வுட் ரிவைவலும் உலகப் புகழ் பெற்றவை. ஓவல் ரசிகர்கள் தங்கள் அட்டவணையில் இவற்றுக்கும் ஓரிரு நாள்களை ஒதுக்குவதுண்டு.

வடக்கும் மேற்கும்

டெர்பிஷயரின் பக்ஸ்டன் தளம் பீக் மலைப்பகுதியின் உயரமான புல்வெளியில் இருக்கிறது. மூடுபனியும் திடீர் மழையும் அங்கே வழக்கம். கோடையிலும் கம்பளி உடை தேவைப்படும். யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டில் உள்ள ஓட்சல் அரங்கம் மிகப் பெரிய மண்கிண்ணம். 1954 மே மாதம், நியூ கிராஸில் முதல் ஸ்டாக் கார் ஓடிய மூன்றே வாரத்தில், ரக்பி லீக் கோப்பையின் மறு ஆட்டத்தைக் காண இங்கே 1,02,569 பேர் கூடியதாக அதிகாரபூர்வக் கணக்கு சொல்கிறது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் ஸ்டாக் கார்கள் ஓட்சலுக்குத் திரும்பியதை வடக்கத்தி ரசிகர்கள் திருவிழாவாகவே கொண்டாடினார்கள். மூடிய தளம் மீண்டும் திறப்பது இத்துறையில் அரிது.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதி பழைய நிலக்கரி நாடு. அங்கே கௌடன்பீத் கால்பந்துக் கழகத்தின் சென்ட்ரல் பார்க் மைதானத்தைச் சுற்றியே பந்தயப் பாதை ஓடுகிறது. ஒரு நாள் கால்பந்து, மறு நாள் ஸ்டாக் கார். சில மைல் தொலைவில் லோக்கெல்லியிலும் ஒரு தளம் உண்டு. வட அயர்லாந்தில் டல்லிரோன், அகடோயி ஆகிய தளங்கள் சிறந்த ஹாட் ராட் ஓட்டுநர்களை உருவாக்கித் தந்தவை. தென்மேற்கே, டெவன் மாவட்டத்தின் ஸ்மீத்தார்ப் பந்தயத் தளம் அப்போட்டரி விமான தளத்தின் நிலத்தில் அமைந்தது. 1944 ஜூனில் அமெரிக்கப் பாராசூட் படையினர் நார்மண்டிக்குப் புறப்பட்ட இடம் அது. கார்ன்வாலின் யுனைடெட் டவுன்ஸ் தளத்தைச் சுற்றி, செம்பும் தகரமும் தோண்டப்பட்ட காலத்தின் புகைபோக்கிகளும் இடிபாடுகளும் நிற்கின்றன.

பயணிக்கு வேண்டியவை

ஆண்டின் ஓட்டம் ஏறக்குறைய இப்படி அமையும். ஈஸ்டர் வாரயிறுதியில் பருவம் சூடுபிடிக்கும். மே, ஆகஸ்ட் மாதங்களின் வங்கி விடுமுறைத் திங்கள்களில் பல தளங்களில் ஒரே நாளில் பந்தயம் இருக்கும். ஜூலையில் ஃபாக்ஸ்ஹால், செப்டம்பரில் எஃப்1, எஃப்2 உலக இறுதிப் போட்டிகள். நவம்பர் 5ஐ ஒட்டிய வாரங்களில் பேங்கர் பந்தயமும் வாணவேடிக்கையும் சேர்ந்து நடக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்கூடச் சில தளங்கள் திறந்திருக்கும். மழையால் நிகழ்ச்சி ரத்தாவது உண்டு என்பதால், புறப்படும் முன் நடத்துநரின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். பெரும்பாலான தளங்கள் ரயில் நிலையங்களிலிருந்து விலகி இருப்பதால் கார் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய வாரயிறுதிகளில் அருகே கூடாரமும் கேரவனும் போட இடம் தருவார்கள்.

ஒரு வழக்கமான எஃப்1 நிகழ்ச்சியில் முதலில் தகுதி ஓட்டங்கள், அவற்றில் தேறாதவர்களுக்கு ஆறுதல் ஓட்டம், பின் இறுதி ஓட்டம், கடைசியாக கிராண்ட் நேஷனல் என்ற வரிசை இருக்கும். கடைசி ஓட்டத்தில், இறுதி ஓட்டத்தை வென்றவர் ஒரு சுற்றுப் பின்தங்கிய நிலையில் தொடங்கவேண்டும். ஓட்டங்களுக்கிடையே பிட்ஸ் பகுதிக்குப் போனால், வளைந்த அச்சைச் சுத்தியலால் நிமிர்த்தும் ஓட்டுநரோடு நேரடியாகப் பேசலாம். குழந்தைகளை இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுக்கவும் அனுமதிப்பார்கள். அக்குழந்தைகளில் சிலர் 10 வயது ஆனதும் மினிஸ்டாக்ஸ் எனும் சிறுவர் பிரிவில் சேர்ந்துவிடுகிறார்கள். மினி கார்களை அடிப்படையாகக் கொண்ட பிரிவு அது. இன்றைய பெரிய ஓட்டுநர் பலர் அந்த வழியாக வந்தவர்கள். காதடைப்பானும் மழைச்சட்டையும் கொண்டு செல்லவேண்டும். மண் பாதையில் வளைவின் அருகே நின்றால் சேறு தெறிக்கும். பழைய உடையே ஏற்றது.

இந்த விளையாட்டுக்குப் பெரும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் பின்பலம் இல்லை. வாயிலில் வசூலாகும் நுழைவுக் கட்டணமும் ஓட்டுநர்கள் தம் உழைப்பிலிருந்து செலவிடும் பணமுமே இதைத் தாங்குகின்றன. விம்பிள்டன், பிராண்டன், பர்மிங்ஹாம் ஆகியவை மறைந்தது ரசிகர்கள் விலகியதால் அல்ல. நிலம் வேறு கைக்குப் போனதால். எஞ்சியுள்ள தளங்களில் ஏதேனும் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை மாலை நுழைவுச்சீட்டு வாங்கும் பயணியும் அந்தப் பாதையை அடுத்த பருவத்துக்குக் கொண்டுசெல்பவர்களில் ஒருவராகிறார்.